4-3: லண்டனில் வியன்னா தோற்ற புதன்கிழமை

1932 டிசம்பர் 7, புதன்கிழமை. வியன்னா நகரின் நடுவே, பழைய அரண்மனைக்கு முன்னால் இருக்கும் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். வேலை நாள், குளிர்காலத்து மதியம். ஆனாலும் சதுக்கத்தில் பெருங்கூட்டம். அவர்கள் எதையும் பார்க்க வரவில்லை, கேட்க வந்திருந்தார்கள். லண்டனில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. அங்கே நடப்பதை வில்லி ஷ்மீகர் என்ற வர்ணனையாளர் வானொலியில் சொல்லச் சொல்ல, சதுக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

கோப்பை எதுவும் இல்லை. பதக்கமும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. பெயரளவில் அது ஒரு நட்பு ஆட்டம். அதில் ஆஸ்திரியா 4-3 என்று தோற்றது. தோற்ற அணியை ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஐரோப்பியக் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்த ஆட்டத்தில் ஒரு நிமிடமாவது நிற்காமல் போவதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, "நட்பு ஆட்டம்" என்ற சொல்லுக்கு இன்று நம் மனதில் இருக்கும் பொருளை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

இன்றைக்கு நட்பு ஆட்டம் என்றால் பெரிய போட்டிக்கு முந்தைய பயிற்சி. பயிற்சியாளர் புதுப் பையன்களை இறக்கிப் பார்ப்பார், இடைவேளைக்குப் பிறகு பாதி அணி மாறிவிடும், முடிவை மறுநாளே மறந்துவிடுவோம். 1932-ல் நிலைமை வேறு. உலகக் கோப்பை அதுவரை ஒரே ஒரு முறைதான் நடந்திருந்தது, 1930-ல், உருகுவேயில். கப்பலில் அவ்வளவு தூரம் போக ஐரோப்பாவிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா என்ற 4 அணிகள்தான் முன்வந்தன. ஆஸ்திரியாவும் போகவில்லை, இங்கிலாந்தும் போகவில்லை. ஒலிம்பிக்கோ சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கானது. அதிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கால்பந்தே கிடையாது. ஆக, ஐரோப்பாவில் யார் பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய் ஆடுவது ஒன்றே வழி. அந்த வழிக்குப் பெயர்தான் நட்பு ஆட்டம்.

அதிலும் இங்கிலாந்தோடு ஆடுவது தனி விஷயம்.

கால்பந்துக்கு விதி எழுதியவர்கள் அவர்கள். விதியோடு சேர்த்து, இந்த ஆட்டத்தில் தங்களுக்கு மேல் யாரும் இல்லை என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், எதிரி நாடுகளோடு ஒரே அமைப்பில் இருக்க மாட்டோம் என்று பிரிட்டனின் சங்கங்கள் ஃபிஃபாவிலிருந்து விலகின. 1924-ல் திரும்பி வந்தன. 1928-ல் மறுபடியும் விலகின. இந்த முறை பிரச்சினை, வேலையை விட்டுவிட்டு ஆட வரும் அமெச்சூர் ஆட்டக்காரருக்கு இழந்த சம்பளத்தை ஈடுகட்டலாமா என்பது. அதன் பிறகு பிரிட்டனின் 4 நாடுகளும் தங்களுக்குள் ஆண்டுதோறும் ஆடும் போட்டியே அவர்களுக்குப் பெரிது. ஐரோப்பியக் கண்டத்துக்கு இங்கிலாந்து அணி போவது பெரும்பாலும் மே மாதத்தில், தங்கள் சீசன் முடிந்து கால்கள் ஓய்ந்த பிறகு.

அப்படிப் போன ஒரு பயணத்தில்தான், 1929 மே மாதம் மாட்ரிட்டில், ஸ்பெயினிடம் 4-3 என்று தோற்றார்கள். பிரிட்டன், அயர்லாந்து தீவுகளுக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை. ஆனால் அந்தத் தோல்விக்கு உடனே காரணம் கிடைத்துவிட்டது: வெயில், காய்ந்த தரை, சீசன் முடிந்த களைப்பு. 1931 டிசம்பரில் அதே ஸ்பெயின் லண்டன் ஹைபரி மைதானத்துக்கு வந்தது. அந்நாளில் உலகிலேயே சிறந்தவர் என்று பலரும் சொன்ன ரிக்கார்டோ சமோரா அவர்களின் கோல்கீப்பர். முடிவு இங்கிலாந்துக்கு 7-1. சரி, கணக்கு தீர்ந்தது என்று லண்டன் நிம்மதியானது. அடுத்த ஆண்டு அதே டிசம்பரில், அதே லண்டனுக்கு ஆஸ்திரியா வந்து இறங்கியபோது எதிர்பார்ப்பு இதுதான்: இதுவும் இன்னொரு ஸ்பெயினாக இருக்கும்.

ஆனால் வந்தது வேறு ரகம்.

ஆஸ்திரியாவைப் பற்றிப் பேச வேண்டுமானால் வியன்னாவைப் பற்றித்தான் பேச வேண்டும். 1918 வரை அது 5 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு பேரரசின் தலைநகர். போருக்குப் பின் பேரரசு துண்டு துண்டாகப் போய், 65 லட்சம் பேர் கொண்ட ஒரு சின்னக் குடியரசின் தலைநகரானது. உடம்பு சுருங்கிப்போக, தலை மட்டும் பழைய அளவிலேயே இருந்த மாதிரி. ஏறக்குறைய 20 லட்சம் பேர் அந்த ஒரு ஊரில். கால்பந்து முழுவதும் அங்கேதான். தேசிய லீக் என்றால் வியன்னா லீக். ராப்பிட், ஆஸ்திரியா, அட்மிரா, வாக்கர், ஃபர்ஸ்ட் வியன்னா என்று எல்லாமே ஒரே நகரத்துக் கிளப்புகள், டிராமில் போய்ச் சேரும் தூரத்தில். தேசிய அணியில் இருப்பவர்கள் வாரா வாரம் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிப் பழகியவர்கள். யாருடைய கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் நாடு முழுக்க இருந்து ஒரு நாளுக்காகக் கூடியவர்கள். இந்த வேறுபாட்டைப் பலரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய காரணமாகவே படுகிறது.

அந்த நகரத்துக்குக் கால்பந்தைக் கொண்டு வந்ததும் இங்கிலாந்துக்காரர்கள்தான். 1894-ல் ரோத்ஷீல்டு என்ற பெரும் வங்கிக் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்த ஆங்கிலத் தோட்டக்காரர்கள் தொடங்கியது ஃபர்ஸ்ட் வியன்னா கிளப். அந்தக் குடும்பத்தின் நிறங்களான நீலமும் மஞ்சளும்தான் இன்றும் அந்தக் கிளப்பின் நிறங்கள். பிறகு ஆட்டம் தோட்டத்தை விட்டு இறங்கித் தொழிலாளர் வாழும் புறநகருக்குப் போனது. செங்கல் சூளைகள் நிறைந்த ஃபாவோரிட்டன் பகுதியில், செக் பேசும் ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் காலி மனைகளில் கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தில் ஆடினார்கள். கந்தல் பந்து துள்ளாது. உயரத் தூக்கி அடித்தால் பயனில்லை. தரையோடு உருட்டி, சின்னச் சின்னப் பாஸாகத்தான் ஆட முடியும். வியன்னாக்காரர்கள் இதற்கு "ஷைபர்ல்" ஆட்டம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அப்படி ஆடி வந்தவர் மத்தியாஸ் சிண்டெலார். 1903-ல் மொராவியாவில் பிறந்து, குழந்தையிலேயே ஃபாவோரிட்டன் வந்தவர். அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். 20 வயதில் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு முழங்காலில் கட்டு இல்லாமல் அவர் களத்தில் இறங்கியதில்லை. மெலிந்த உடம்பு, முரட்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே காற்றில் பறக்கும் தாள் போல நழுவிப் போவார். ஊர் அவரை "காகித மனிதன்" என்றது. உடம்பால் மோதி ஜெயிக்க முடியாதவர், மோதலே வராத இடத்தைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டார். சென்டர் ஃபார்வர்ட் என்று பெயர், ஆனால் எதிரணியின் கோல் வாசலில் காத்து நிற்க மாட்டார். பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கி, மற்றவர்களுக்கு வழி திறந்து கொடுப்பார்.

இன்னொரு விஷயம் காபிக் கடை. வியன்னாவில் எழுத்தாளர், வக்கீல், வங்கி குமாஸ்தா, பத்திரிகைக்காரர் எல்லோரும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசும் இடம் அது. கால்பந்துக்காரர்கள் கூடும் கடை ரிங் கஃபே. தேசிய அணியின் பொறுப்பாளர் ஹூகோ மைஸ்லும் அங்கேதான் இருப்பார். பொஹீமியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவில் வங்கி வேலை பார்த்து, பல மொழி பேசி, நடுவராகவும் இருந்து, கடைசியில் ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் அணியைத் தேர்ந்தெடுப்பவராகவும் ஆனவர். கண்டத்தில் முதன்முதலாகத் தொழில்முறைக் கால்பந்து 1924-ல் ஆஸ்திரியாவில் வந்ததிலும், 1927-ல் மத்திய ஐரோப்பியக் கிளப்புகளுக்கான மித்ரோபா கோப்பை தொடங்கியதிலும் அவர் பங்கு பெரிது.

சிண்டெலாரைப் பிடித்தாலும் மைஸ்ல் அவரை நீண்ட நாள் தேசிய அணிக்கு வெளியே வைத்திருந்தார். ரிங் கஃபேயில் பத்திரிகைக்காரர்கள் விடாமல் நச்சரித்தார்கள் என்றும், 1931 மே மாதம் ஒரு நாள் பொறுமை இழந்த மைஸ்ல், அவர்கள் கேட்ட பெயர்களையே ஒரு தாளில் எழுதி, "இந்தாங்க, உங்க அணி" என்று மேசையில் வீசிவிட்டுப் போனார் என்றும் வியன்னாவில் ஒரு கதை உண்டு. கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்த அணி மே 16 அன்று ஸ்காட்லாந்தை 5-0 என்று அடித்தது. ரேஞ்சர்ஸ், செல்ட்டிக் ஆட்டக்காரர்கள் இல்லாமல் வந்த ஸ்காட்லாந்துதான் அது. ஆனாலும் பாஸ் ஆட்டத்தை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த நாட்டை அதே பாஸ் ஆட்டத்தால் 5 கோல் வித்தியாசத்தில் தோற்கடிப்பது சின்ன விஷயம் இல்லை.

அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தே நாள் முன்பு, மே 11 அன்று, நாட்டின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட் அன்ஷ்டால்ட் தன் பெரும் நஷ்டத்தை வெளியே சொன்னது. தோட்டக்காரர்களை வைத்திருந்த அதே ரோத்ஷீல்டு குடும்பத்தின் வங்கி. ஐரோப்பா முழுக்க வங்கிகள் ஆட்டம் காணத் தொடங்கியது அங்கிருந்துதான். வேலை போனவர்களின் வரிசை நீண்டுகொண்டே போன நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும் ஏதோ ஒன்று சரியாக நடந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வந்த முடிவுகளை வாசித்தாலே மூச்சு வாங்கும். பெர்லினில் ஜெர்மனிக்கு எதிராக 6-0. செப்டம்பரில் வியன்னாவில் அதே ஜெர்மனிக்கு எதிராக 5-0. பாசலில் சுவிட்சர்லாந்தை 8-1. 1932 ஏப்ரலில் ஹங்கேரியை 8-2. அதில் ஷால் என்ற ஆட்டக்காரர் 4 கோல், சிண்டெலார் 3 கோல். 1931 ஏப்ரல் தொடங்கி 1932 அக்டோபர் வரை 14 ஆட்டங்கள், 11 வெற்றி, 3 டிரா, ஒரு தோல்வியும் இல்லை. "வுண்டர்டீம்", அதாவது அற்புத அணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 15-ஆவது ஆட்டம் லண்டனில்.

மைஸ்ல் அந்தப் பயணத்துக்கு ஒரு பழைய நண்பரை உதவிக்கு அழைத்தார். ஜிம்மி ஹோகன். இந்த ஆட்டத்தின் முழு முரணும் இந்த ஒரு மனிதருக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1882-ல் லங்காஷயரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்ட்டன் கிளப்புகளில் ஆடியவர். பந்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நம்பினார். இங்கிலாந்தில் அப்போது பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் சனிக்கிழமை பந்துக்கான பசி இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஹோகன் நெதர்லாந்துக்குப் போனார். 1912-ல், ஆஸ்திரியாவை எப்படி முன்னேற்றலாம் என்று மைஸ்ல் ஓர் ஆங்கில நடுவரிடம் கேட்டபோது, அவர் சொன்ன பெயர் ஹோகன். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு அணியைத் தயார்படுத்த வியன்னா வந்தார். இருவருக்கும் நட்பு ஒட்டிக்கொண்டது.

1914-ல் மறுபடி வியன்னா வந்திருந்த நேரத்தில் போர் வெடித்தது. எதிரி நாட்டவர் என்று ஹோகனைப் பிடித்தார்கள். பிறகு எப்படியோ புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்து, போர் முடியும் வரை எம்டிகே கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார். ஹங்கேரிக் கால்பந்தின் அடித்தளம் அங்கே விழுந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியதும், போரால் நொடித்துப்போன தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு லண்டனில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது 3 ஜோடி காக்கி சாக்ஸ். போர்முனையில் இருந்த நம் பையன்கள் இதைத்தான் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். போரில் எதிரி மண்ணில் இருந்துவிட்டான் என்பது அதில் இருந்த குத்தல். ஹோகன் வாழ்நாள் முழுக்க அதை மறக்கவில்லை.

அப்படி அனுப்பப்பட்ட மனிதர், 1932 டிசம்பரில் எதிரணியோடு லண்டனுக்கு வந்தார்.

அணியில் லண்டனோடு கணக்கு இருந்த இன்னொருவர் கோல்கீப்பர் ருடி ஹிடன். கிராட்ஸ் நகரத்துப் பையன், பேக்கரியில் தொழில் கற்றவர். 1930-ல் லண்டன் கிளப்பான ஆர்சனல் அவரை வாங்க முனைந்தது. வெளிநாட்டவர் வந்து உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் அனுமதி மறுத்துவிட்டார்கள். ஆர்சனலுக்கு ஆடப் போக முடியாத ஹிடன், இங்கிலாந்துக்கு எதிராக ஆட வந்து நின்றார். அவருக்கு முன்னால் ரைனரும் செஸ்டாவும். நடுவில் நவ்ஷ், ஸ்மிஸ்டிக், கால். முன்வரிசையில் சிஷெக், குஷ்வைட்ல், சிண்டெலார், ஷால், ஃபோக்ல்.

இங்கிலாந்து அணிக்குப் பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது. ஒரு குழு உட்கார்ந்து பெயர்களை எழுதும். 1946 வரை அப்படித்தான். அன்று எழுதியவை: கோலில் பர்மிங்ஹாமின் ஹிப்ஸ். பின்னால் குடால், பிளென்கின்சாப். நடுவில் ஸ்ட்ரேஞ்ச், ஹார்ட், கீன். முன்னால் குரூக்ஸ், டேவிட் ஜாக், பிளாக்பூலின் ஜிம்மி ஹாம்ப்சன், கேப்டன் பில்லி வாக்கர், ஹௌட்டன். நடுவர் பெல்ஜியத்தின் ஜான் லாங்கெனஸ், 1930 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியவர். மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர்.

தொடக்கத்தில் ஆஸ்திரியர்களின் கால் நடுங்கியது. அது இயல்புதான். 14 ஆட்டங்களாகத் தோற்காத அணி, ஆனால் இந்த மண்ணில் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்தை ஜெயித்ததே இல்லை. 5 நிமிடம் ஆவதற்குள்ளோ ஆனவுடனோ ஹாம்ப்சன் முதல் கோலை அடித்தார். அரைமணி நேரத்துக்குள் அவரே இரண்டாவதையும் அடித்தார். இடைவேளையில் 2-0. ஹெல்டன்பிளாட்ஸில் அந்த இடைவேளை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

இடைவேளைக்குப் பிறகு வந்தது வேறு அணி. பயம் போய், வியன்னாவில் ஆடுகிற மாதிரியே ஆடத் தொடங்கினார்கள். பந்து தரையை விட்டு எழவில்லை. ஸ்மிஸ்டிக்கிடமிருந்து சிண்டெலார், சிண்டெலாரிடமிருந்து ஷால், அங்கிருந்து விங்குக்கு. சிஷெக் ஒரு கோல் அடித்து 2-1 ஆக்கினார். அதற்கப்புறம் வெகுநேரம் ஆட்டம் ஆஸ்திரியாவின் கையில். சமன் செய்யும் கோல் எந்த நிமிடமும் வரலாம் என்ற நிலை. அப்போதுதான் இங்கிலாந்துக்கு ஒரு ஃபிரீ கிக். ஹௌட்டன் பலமாக அடிக்கக் கூடியவர். அவர் அடித்த பந்து சுவராக நின்ற ஷால் மேல் பட்டுத் திசை மாறி, ஹிடனை ஏமாற்றி உள்ளே போனது. 3-1.

மீதி இருந்தது கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் இன்னும் 3 கோல். சிண்டெலார் டிஃபெண்டர்களுக்கு நடுவே நழுவிப் போய்த் தனக்கே உரிய அமைதியோடு முடித்தார், 3-2. ஊர் மூச்சு விடுவதற்குள் குரூக்ஸ் ஒன்றை அடித்துவிட்டார், 4-2. முடிவை நெருங்கும்போது சிஷெக் தன் இரண்டாவது கோலை அடித்தார், 4-3. இன்னும் ஓர் 10 நிமிடம் இருந்திருந்தால் என்ற கேள்வியோடு லாங்கெனஸின் விசில் ஊதியது.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் ஆஸ்திரியர்களைத் தாராளமாகவே பாராட்டின. பந்தைக் கையாண்ட விதம், பாஸின் நேர்த்தி, ஒருவர் நகர்ந்ததும் மற்றவர் அந்த இடத்துக்கு வருவது எல்லாவற்றையும் எழுதினார்கள். ஆனாலும் ஒரு குறையும் சொன்னார்கள்: கோல் வாசலில் போய் இன்னொரு பாஸ் தேடுகிறார்கள், அடிக்க வேண்டிய இடத்தில் அடிப்பதில்லை. இதில் உண்மை உண்டு. அழகாக ஆடுவதே ஒரு நோக்கம் என்று நம்பிய அணி அது. மூன்று பாஸில் முடிவதை ஆறு பாஸில் முடிப்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. இங்கிலாந்தின் 4 கோல்களில் இரண்டு ஹாம்ப்சனின் சுறுசுறுப்பால் வந்தவை, ஒன்று ஆள்மேல் பட்டுத் திரும்பிய ஃபிரீ கிக். கிடைத்ததைக் கோலாக்கும் திறமை அன்று இங்கிலாந்திடம் கூடுதலாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

இதற்கு அடியில் இன்னொரு வேறுபாடு ஓடிக்கொண்டிருந்தது. 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை, பாஸ் அடிக்கப்படும் நேரத்தில் முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியில் 3 பேர் இருக்க வேண்டும். புது விதியில் 2 பேர் போதும். கோல்கள் கொட்டத் தொடங்கின. தடுக்க வழி தேடிய இங்கிலாந்துக் கிளப்புகள், குறிப்பாக ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல், நடுக்களத்தின் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது டிஃபெண்டராக்கின. எதிரணியின் சென்டர் ஃபார்வர்டைக் கட்டிப் போடுவது அவர் வேலை. வியன்னாவோ அந்த இடத்தில் ஸ்மிஸ்டிக் போன்ற ஆளைத்தான் வைத்திருந்தது, தாக்குதலைத் தொடங்கி வைக்கும் மூளையாக. ஒரே விதிக்கு இரண்டு பதில். ஒன்று ஆபத்தை அடைத்தது, மற்றது ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தை வளர்த்தது.

இப்போது சிண்டெலாரை நினைத்துப் பாருங்கள். சென்டர் ஃபார்வர்டைக் கட்டிப் போடவே ஒருவரை நிறுத்தி வைத்திருக்கும் அணிக்கு எதிரே, அந்த சென்டர் ஃபார்வர்ட் தன் இடத்திலேயே இல்லை என்றால்? பின்தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னால் ஓட்டை விழும். போகாமல் நின்றால் அவர் நிதானமாகப் பந்தை வாங்கித் திரும்புவார். இந்தக் கேள்வியை ஓர் ஐரோப்பிய அணி இங்கிலாந்தின் சொந்த மண்ணில் வைத்தது அந்தப் புதன்கிழமைதான். ஆட்டத்தை வென்றதால் அதற்குப் பதில் தேடும் அவசரம் இங்கிலாந்துக்கு வரவில்லை. ஸ்கோர் இங்கிலாந்தின் பக்கம் இருந்தது, தேர்வுக் குழு அப்படியே தொடர்ந்தது, பயிற்சி அப்படியே தொடர்ந்தது. என் பார்வையில் அன்று பெரிய இழப்பு வென்றவர்களுக்குத்தான். ஸ்பெயினை 7-1 என்று அடித்தபோது கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. 4-3-ல் நிறைய இருந்தது.

வியன்னா அதைச் சரியாக வாசித்தது. ஆட்டத்தைப் பிறப்பித்தவர்களின் வீட்டிலேயே போய், இரண்டாம் பாதியை 3-2 என்று தங்கள் பாணியில் ஆடிக் காட்டிவிட்டார்கள். நான்கே நாளில், டிசம்பர் 11 அன்று, பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தை 6-1 என்று வென்றுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு காலம் வேகமாகக் கெட்டது. 1933 மார்ச்சில் ஆஸ்திரியாவின் சான்சலர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கினார். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டை. ஸ்காட்லாந்தை வென்ற ஹோஹே வார்ட்டே மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற தொழிலாளர் குடியிருப்பின் மேல் ராணுவம் பீரங்கியால் சுட்டது. அதே ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், மிலானில், இத்தாலியிடம் 1-0 என்று தோற்றார்கள். 1936 மே மாதம் வியன்னாவில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று 1932-க்குப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மைஸ்ல் மாரடைப்பால் இறந்தார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. லண்டன் வர்ணனையைக் கேட்க மக்கள் கூடிய அதே ஹெல்டன்பிளாட்ஸில், இப்போது ஹிட்லரின் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் நின்றது. இரண்டு படங்களையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெஞ்சு கனக்கிறது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரியா பட்டியலிலிருந்தே மறைந்தது. 1923-ல் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாமை 5-0 என்று அடித்த, 1925-ல் லீக்கை வென்ற யூதர்களின் ஹக்கோவா கிளப்பைக் கலைத்தார்கள். மனைவி யூதர் என்பதால் நவ்ஷ் அவரோடு சுவிட்சர்லாந்துக்குப் போனார். ஏப்ரல் 3 அன்று ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் ஆடிய கடைசி ஆட்டத்தில் சிண்டெலாரும் செஸ்டாவும் கோல் அடித்து 2-0 என்று வென்றார்கள். 1939 ஜனவரியில் சிண்டெலார் தன் தோழியின் வீட்டில் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்து கிடந்தார். அது விபத்தா, வேறு ஏதாவதா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரு யூதரிடமிருந்து பறிக்கப்பட்ட காபிக் கடையை அவர் வாங்கியிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரை எதிர்ப்பு வீரராக மட்டும் வரைவது அந்தக் கடைக்காரருக்குச் செய்யும் அநீதி.

லண்டனில் இரண்டு கோல் அடித்த ஹாம்ப்சனும் அதிக நாள் வாழவில்லை. 1938 ஜனவரியில் கடலில் மீன் பிடிக்கப் போனபோது படகு மோதி விபத்தானது. உடல் கிடைக்கவே இல்லை.

இங்கிலாந்துக்கு அதே கேள்வி 21 ஆண்டு கழித்து மறுபடி வந்தது. 1953 நவம்பர் 25, வெம்பிளி மைதானம், எதிரே ஹங்கேரி. அவர்களின் சென்டர் ஃபார்வர்ட் ஹிடெகுட்டி பின்னால் இறங்கி ஆடினார். யார் அவரைப் பின்தொடர்வது என்று இங்கிலாந்தின் பின்வரிசைக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் 3 கோல் அடிக்க, ஹங்கேரி 6-3 என்று வென்றது. கண்டத்து அணி ஒன்று இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்ற முதல் ஆட்டம் அது. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜிம்மி ஹோகன் என்று ஹங்கேரியர்கள் சொன்னார்கள். ஹோகனுக்கு அப்போது 71 வயது. ஆஸ்டன் வில்லாவின் இளம் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அன்று அதே வெம்பிளியில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.